நேற்றிரவு தாங்கிய இரும்பு

இத்தலாரில் பச்சைத் தேயிலை விலையைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். நங்கூரமோ இங்கே யார் பேச்சிலும் வராத பொருள். கல்லூரிச் சுற்றுலாவில் ராமேஸ்வரம் போய்வந்த பக்கத்து வீட்டுப் பையன் சாயங்கால டீக்கு வந்த இடத்தில் போனை என் பக்கம் திருப்பினான். நான் முன்பு தூத்துக்குடியில் வேலை பார்த்தவன். அதனால் கடல் சம்பந்தப்பட்ட எதுவானாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

படத்தில் பாம்பன் கரை மணலில் ஒரு நங்கூரம் கிடந்தது. நாலைந்து இரும்புக் கம்பிகளைச் சேர்த்துப் பற்றவைத்து, கீழ்முனைகளை நாலு பக்கமும் மேல்நோக்கி வளைத்து, தலையில் ஒரு வளையம் மாட்டியிருந்தார்கள். பற்றவைத்த இடமெல்லாம் துரு.

"சார், நெட்டுல பார்த்தேன். வெளிநாட்டுல நங்கூரத்துலேயே பத்து தினுசு இருக்கு. இவங்க மட்டும் ஏன் இன்னும் முறுக்குக் கம்பியை வளைச்சுப் போட்டுக்கிட்டு இருக்காங்க?"

"டீயைக் குடி தம்பி, சொல்றேன்" என்றேன். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நங்கூரம் என்ன வேலை செய்கிறது என்பது ஒன்று. நல்லது வந்த பிறகும் பழையது ஏன் போக மறுக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொட முடியாது.

கனத்தில் பாதி, கயிற்றில் மீதி

கனமான பொருளைக் கடலில் போட்டால் படகு நிற்கும் என்பதுதான் மலையில் இருக்கிற நம்முடைய எண்ணம். கனத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். இருபது கிலோ கருங்கல்லைக் கடலில் இறக்கினால், அது ஒதுக்கும் தண்ணீரின் எடை போக, அடியில் அதன் எடை சுமார் 12 கிலோதான். கான்கிரீட் கட்டி என்றால் இன்னும் ஒரு கிலோ குறையும். இரும்புக்கு இழப்பு குறைவு. இருபதுக்குப் பதினேழு கிலோவாவது மிஞ்சும். எதுவானாலும், டன் கணக்கில் எடையுள்ள படகைக் காற்று தள்ளும்போது இந்தப் பன்னிரண்டும் பதினேழும் எம்மாத்திரம்?

படகை நிறுத்துவது மண்ணின் பிடி. நங்கூரத்தின் கை சேற்றிலோ மணலிலோ புதைய வேண்டும். இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் போக வேண்டும். அதற்கு இழுப்பு தரையை ஒட்டிக் கிடைமட்டமாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் புதைந்தது பெயர்ந்துவிடும். நங்கூரத்தைத் தூக்கும்போது செய்வதும் அதைத்தான்: கயிற்றைச் சுருட்டிக்கொண்டே படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து செங்குத்தாக இழுப்பார்கள்.

ஆகவே எவ்வளவு கயிறு விடுகிறோம் என்பதுதான் முதல் கணக்கு. ஆழம் ஐந்து மீட்டர், படகின் முகப்பு தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த உயரம் ஆறு மீட்டர். பதினெட்டு மீட்டர் கயிறு விட்டால், காற்றில் கயிறு விறைக்கும்போது அது தரையோடு ஏறத்தாழ 19 பாகைச் சரிவில் நிற்கும். முப்பது மீட்டர் விட்டால் சரிவு 11½ பாகை. நாற்பத்திரண்டு மீட்டர் விட்டால் எட்டுக்குச் சற்று மேல். உயரத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு சாதாரண நாளுக்கு, ஏழு மடங்கு மோசமான நாளுக்கு என்று உலகம் முழுக்கப் படகுக்காரர்கள் வைத்திருக்கிற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

கயிற்றின் ரகமும் முக்கியம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பலின் கயிறு தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். நங்கூரத்தின் தண்டை அது மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். காற்று இல்லாத நேரத்தில் மேலே மிதந்து வந்து பக்கத்துப் படகின் புரொப்பல்லரிலும் மாட்டும். நைலான் கயிறு மூழ்கும். அலை சுண்டும்போது கொஞ்சம் நீண்டுகொடுத்து அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி போட்டால் அது தரையில் படுத்துக் கிடந்து தண்டைக் கீழேயே வைத்திருக்கும். பாறையில் உரசிக் கயிறு அறுவதும் குறையும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நாலு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மணிக்கு 35 கிலோமீட்டர் காற்றில் அசையாமல் நின்ற படகைப் பார்த்து 'இந்த நங்கூரம் நல்ல நங்கூரம்' என்று சொல்லிவிடலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயலின் காற்று நூறைத் தாண்டியது. அந்த ஒன்பது மடங்கு இழுப்பைப் பற்றி 35 கிலோமீட்டர் காற்று எதையும் சொல்லித் தந்திருக்காது. பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இதுதான் திறவுகோல்.

கல்லிலிருந்து கம்பிக்கு

இனி தினுசுகள். கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் தொல்லியல் குழுவினர் குஜராத்தின் துவாரகை, பேட் துவாரகை, சோமநாதர் கடலடியில் ஏராளமான கல் நங்கூரங்களைக் கண்டிருக்கிறார்கள். சில வெறும் துளை போட்ட கற்கள். சில முக்கோணமானவை. மூன்றாவது வகைதான் நம் கதைக்கு வேண்டியது. நீளமாகச் செதுக்கிய கல், தலையில் கயிற்றுக்கு ஒரு வட்டத் துளை, கீழ்ப்பகுதியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சதுரத் துளைகள். அந்தச் சதுரத் துளைகளில் இரண்டு மரக்கட்டைகளைச் செருகினால் நாலு பக்கமும் நாலு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கல் கனத்துக்கு, மரம் பிடிப்புக்கு. இந்திய-அரேபிய வகை என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இது பாரசீக வளைகுடாவின் சிராஃபிலும் கிடைத்திருக்கிறது, இலங்கையின் காலித் துறைமுகத்திலும் கிடைத்திருக்கிறது.

பையனின் போனை மறுபடி வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நடுவே ஒரு தண்டு, தலையில் ஒரு வளையம், கீழே நாலு திசைக்கு நாலு கை. கல்லும் கட்டையும் போய்க் கம்பி வந்திருக்கிறது, அமைப்பு அதேதான். எப்படி விழுந்தாலும் இரண்டு கை தரையைத் தொடும் என்பது இதன் பலம். கைகள் மெலிந்தவை, அகலமான அலகு இல்லை, அதனால் இளகிய சேற்றிலும் மணலிலும் உழுதுகொண்டு வந்துவிடும் என்பது பலவீனம்.

நாம் படங்களில் பார்க்கும் நங்கூரச் சின்னம், இரண்டு வளைந்த கையும் மேலே குறுக்குச்சட்டமும் உள்ளது, அடுத்த தினுசு. குறுக்குச்சட்டம் கைகளுக்குச் செங்கோணத்தில் இருப்பதால் அது தரையில் படுக்கும்போது ஒரு கை கீழ்நோக்கித் திரும்பிக் குத்தும். பாறையிலும் கடல்புல்லிலும் இது நன்றாகப் பிடிக்கும். இன்னொரு கை மேலே துருத்திக்கொண்டு நிற்கும். காற்று திரும்பிப் படகு சுற்றும்போது கயிறு அதில் சிக்கி நங்கூரத்தையே பிடுங்கிவிடுவதும் உண்டு. படகில் வைக்கவும் இடைஞ்சல்.

அந்த இடைஞ்சலைத் தீர்க்கக் குறுக்குச்சட்டம் இல்லாத நங்கூரத்துக்கு இங்கிலாந்தில் 1821-இல் காப்புரிமை வாங்கப்பட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் எந்தச் சரக்குக் கப்பலின் மூக்கைப் பார்த்தாலும் அதுதான் தொங்கும். வேடிக்கை என்னவென்றால், எடைக்கு எடை பார்த்தால் இதன் பிடி பழைய குறுக்குச்சட்ட நங்கூரத்தைவிடக் குறைவு. ஆனாலும் கப்பல்கள் இதற்கே மாறின. சங்கிலியை இழுத்தால் நங்கூரம் தானாக ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆள் தொட வேண்டியதில்லை. பிடி குறைந்ததைக் கூடுதல் எடையாலும் நீளச் சங்கிலியாலும் ஈடுகட்டினார்கள். எது அதிகம் பிடிக்கிறது என்பதைவிட எதைக் கையாளச் சுலபம் என்பதுதான் அங்கே தீர்ப்புச் சொன்னது.

சின்னப் படகுகளின் பக்கம் திருப்பம் 1933-இல் வந்தது. திரவ இயக்கவியலில் பெரும் பெயர் பெற்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர், தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்காக எடை குறைந்த நங்கூரம் ஒன்றை வடிவமைத்தார். கலப்பை வடிவம், தண்டில் ஒரு மூட்டு. சி.க்யூ.ஆர். என்ற பெயரில் உல்லாசப் படகுகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது அதுதான். அமெரிக்காவில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் இரண்டு அகலத் தகடுகள் மடங்கித் திரும்பும் நங்கூரத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்கும் படகுகள் கரையேறுமுன் அதைப் பின்பக்கம் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அதன் கம்பிவடத்தைச் சுருட்டியே தங்களைக் கடலுக்கு இழுத்துக்கொண்டன. மணலிலும் சேற்றிலும் அதன் எடைக்கு அபாரமான பிடி. காற்று திசை மாறிப் பெயர்ந்துவிட்டால் மறுபடி பிடிப்பதில் மட்டும் நம்பிக்கைக் குறைவு. 1970-களில் எண்ணெய்த் துரப்பண மேடைகளிலிருந்து புரூஸ் என்ற மூன்று விரல் நங்கூரம் இறங்கி வந்தது.

பிறகு வந்தவற்றைப் புதுத் தலைமுறை என்கிறார்கள். 1980-களில் ஜெர்மனியின் பியூகல், 1990-களில் பிரான்சின் ஸ்பேட், 2004-இல் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் கொண்டுவந்த ரோக்னா. கூர்மையான முனை, மண்ணை அள்ளும்படிக் குழிந்த அலகு, சிலவற்றில் தலைகீழாக விழுந்தாலும் உருட்டி நிமிர்த்திவிடும் வளைவுச்சட்டம். மணலில் இழுத்துப் பார்த்த சோதனைகளில் இவை பொதுவாகப் பழைய கலப்பையைவிடச் சீக்கிரம் புதைகின்றன, அதிகம் தாங்குகின்றன.

"அப்ப பதில் தெரிஞ்சு போச்சே சார். அதை வாங்கிப் போட வேண்டியதுதானே?"

எந்தக் கடல், எந்தத் தரை

அவசரப்படக் கூடாது. நம் கரை ஒரே கரை கிடையாது. சென்னையிலிருந்து நாகை வரை அலை உடைகிற திறந்த மணற்கரை. கட்டுமரத்தையும் பிறகு வந்த பைபர் படகையும் அங்கே மணலில் இழுத்து ஏற்றிவிடுவது வழக்கம். துறைமுகத்துக்குள் நிற்கும் விசைப்படகுகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நிற்கும். நங்கூரத்துக்கு அங்கே வேலை கொஞ்சம்தான்.

பாக் நீரிணை நேர்மாறு. ஆழம் குறைவு, அலை குறைவு, சேறும் மணலும் கடல்புல்லும் கலந்த தரை. படகுகள் தண்ணீரிலேயே நங்கூரத்தில் கிடக்கும். ராமேஸ்வரம் வட்டாரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நாலு நாள் என்று தொழில் பங்கிட்டிருக்கிறது. போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கூட்டிப் பார்த்தால் விசைப்படகின் என்ஜின் ஓடும் நாளைவிட நங்கூரம் உழைக்கும் நாள் அதிகம்.

பாம்பனைத் தாண்டித் தெற்கே மன்னார் வளைகுடா. தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, கடலுக்குள் பார் பாராகக் கல்தரை. முத்துக்கும் சங்குக்கும் பேர்போன அந்தப் பார்களின் மேல் படகை நிறுத்தித் தூண்டில் போடுகிறவருக்கு நங்கூரம் பிடிக்குமா என்ற கவலையே இல்லை. கல்லிடுக்கில் எதுவும் பிடிக்கும். பிடித்தது திரும்பி வருமா என்பதுதான் கவலை.

அங்கேதான் இந்தக் கம்பி நங்கூரத்தின் அருமை தெரியும். பாறையில் கை மாட்டிக்கொண்டால் கயிற்றைப் படகில் இறுக்கிக் கட்டிவிட்டு என்ஜினை ஓட்டுவார்கள். கம்பி மெல்ல நிமிர்ந்துகொடுத்து வழுக்கி வெளியே வந்துவிடும். மேலே தூக்கிப் பார்த்தால் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். குழாயைச் செருகிப் பழையபடி வளைத்துவிட்டால் மறுநாளைக்குத் தயார்.

இன்னொரு உபாயமும் உண்டு. கயிற்றைத் தலை வளையத்தில் முடியாமல், கீழே நாலு கையும் பிரிகிற இடத்தில் முடிவார்கள். அங்கிருந்து தண்டை ஒட்டி மேலே கொண்டுவந்து வளையத்தோடு ஒரு மெல்லிய நூலால் கட்டிவிடுவார்கள். சாதாரண இழுப்பு வளையத்திலிருந்துதான் போகும். மாட்டிக்கொண்டால் நேர் மேலே வந்து பலமாக இழுக்க, நூல் அறும், இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறும், கைகள் வந்த வழியே பின்னால் கழன்றுவிடும். ஆள் படகில் இருக்கும்போது மட்டும் செய்யும் வித்தை இது. ஆளில்லாமல் இராத்தங்கும் படகில் அந்த நூல் காற்றுக்கு அறுந்தால் கதை முடிந்தது.

இப்போது குழிந்த அலகுள்ள, வளையாத கெட்டி எஃகு நங்கூரம் ஒன்றை அந்தப் பாரில் போட்டுப் பார்க்கட்டும். மாட்டினால் நிமிராது. கயிற்றை அறுத்து, வாங்கிய விலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கம்பி நங்கூரத்தைத் தொலைத்தவர் கரைக்கு வந்து வெல்டிங் பட்டறையில் சொல்லிவிட்டால் போதும். ஆகவே பாரில் நிற்கிறவருக்கு அது அறியாமையால் வந்த தேர்வு இல்லை. கணக்குப் போட்டு வந்த தேர்வு.

ஆனால் அந்தக் கணக்கு பாக் நீரிணையின் சேற்றுக்குச் செல்லாது. அங்கே மாட்டிக்கொள்ளக் கல் குறைவு, இரவெல்லாம் நிற்க வேண்டிய படகு அதிகம், காற்று திரும்பினால் ஒன்று பெயர்ந்து பத்தின் மேல் மோதும். அகல அலகு கொண்ட நங்கூரம் அங்கே நிச்சயம் அதிகம் தாங்கும். அப்படியிருந்தும் அங்கேயும் பழைய இரும்பு ஏன்?

சாட்சி சொல்லாத பொருள்

'மீனவர்கள் பழக்கத்தை மாற்ற மாட்டார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் கடற்கரையைச் சரியாகப் பார்த்ததில்லை. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தது ஒரே தலைமுறையில். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த பைபர் படகுகள், நூற்றாண்டுகளாக இருந்த கட்டுமரத்தைச் சில ஆண்டுகளில் ஓரங்கட்டின. ஜி.பி.எஸ்., மீன்கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் ஏறிவிட்டன. இவ்வளவும் மாறிய படகில் நங்கூரம் மட்டும் மாறவில்லை.

காரணம் வருமானத்தில் இருக்கிறது. நல்ல வலை போட்டால் அன்றைக்கே மீன் கூடும். நல்ல என்ஜின் போட்டால் அந்த வாரமே டீசல் மிச்சம் தெரியும். நல்ல நங்கூரம் போட்டால் என்ன தெரியும்? படகு நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். பழைய நங்கூரம் போட்டிருந்தாலும் பெரும்பாலான நாள் அங்கேயேதான் இருந்திருக்கும்.

பையனுக்குப் புரிகிற மாதிரி நம் ஊர்க் கதையையே சொன்னேன். விதையில் வளர்ந்த பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுக் குளோன் நடுங்கள், மகசூல் கூடும் என்று குன்னூரில் இருக்கும் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் ஆட்கள் எத்தனை காலமாகச் சொல்கிறார்கள்? அவன் அப்பா உள்பட இத்தலாரில் எத்தனை பேர் செய்தார்கள்? பிடுங்கினால் மூன்று நாலு வருஷம் இலை இல்லை. கூட்டுறவு ஃபாக்டரிக்கு இலை போட்டு வரும் காசை வைத்துத்தான் வீடு ஓடுகிறது. பழைய செடி குறைவாகக் கொடுத்தாலும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"ஆனா சார், மாத்துன தோட்டத்துல இலை ஜாஸ்தி வர்றது தராசுல தெரியுமே?"

சரியான இடத்தைப் பிடித்தான். அதுதான் வித்தியாசம். குளோன் நட்டவனுக்கு நாலு வருஷம் கழித்தாவது தராசு சாட்சி சொல்லும். நங்கூரத்துக்குத் தராசே இல்லை. காற்றில்லாத ஒவ்வொரு இரவும் பழைய நங்கூரத்தின் கணக்கில் ஒரு வெற்றியாக ஏறுகிறது. கயிற்றின் கனத்திலும் படகின் சோம்பலிலும் நின்ற இரவுகள்கூட அதன் பெயரில்தான். இருபது வருஷம் இப்படி ஏறிய பிறகு 'என் அப்பா காலத்திலிருந்து தாங்குது' என்பது நிரூபிக்கப்பட்ட உண்மைபோல் ஆகிவிடும். நான் முதலில் சொன்ன ஒன்பது மடங்கு இங்கேதான் வேலை செய்கிறது. இருபது வருஷச் சாதாரண இரவுகளும் அந்த ஒரு இரவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த ஒரு இரவு வந்துவிட்டாலும் தெளிவு பிறக்காது. கயிறு அறுந்ததா, நங்கூரம் பெயர்ந்ததா, பக்கத்துப் படகு வந்து மோதி இழுத்துப்போனதா என்பதைக் கடலடியில் போய்ப் பார்த்தவர் யார்? புயல்மேல் பழி விழும், நங்கூரம் தப்பித்துவிடும்.

பணம் இல்லாததுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. காசுள்ள மேல்நாட்டு உல்லாசப் படகுக்காரர்களும் இப்படித்தான். 1933-இல் வந்த கலப்பையை, அதைவிட நன்றாகப் பிடிப்பவை வந்து பல வருஷம் ஆன பிறகும், படகின் மூக்கில் தொங்கவிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். படகோடு வந்த நங்கூரம், மூக்கில் உள்ள உருளை அந்த வடிவத்துக்கே அளவெடுத்தது, மாற்றினால் உருளையையும் மாற்ற வேண்டும், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பாம்பனிலும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலும் கடைசிக் காரணம் ஒன்றுதான்.

பெரிய கப்பல்களில் மட்டும் இந்தச் சுழல் உடைந்திருக்கிறது. அங்கே கப்பல்காரரின் அனுபவத்தை யாரும் கேட்பதில்லை. கப்பல்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் லாயிட்ஸ் பதிவகமானாலும் இந்தியக் கப்பல் பதிவகமானாலும், ஒரு நங்கூரத்தை 'உயர் பிடிப்பு' என்று ஏற்க, அதே எடையுள்ள சாதாரண நங்கூரத்தைவிட இரண்டு மடங்காவது தாங்குவதைக் கடலில் இழுத்துக் காட்ட வேண்டும். 'மிக உயர் பிடிப்பு' என்றால் நாலு மடங்கு. காட்டிவிட்டால் சலுகை உண்டு: உயர் பிடிப்பு நங்கூரத்தை வழக்கமான எடையில் முக்கால் பங்கோடு எடுத்துச் செல்லலாம். நல்ல நங்கூரத்துக்கு அங்கே ஒரு தராசு இருக்கிறது, தராசு காட்டினால் ஒரு லாபமும் இருக்கிறது. பத்து மீட்டர்ப் படகுக்கு இரண்டும் இல்லை.

இடமே முதல் நங்கூரம்

பாம்பன்காரர்கள் புயலுக்கு என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டால், அவர்கள் நங்கூரத்தை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. வாடைக் காற்றுக்கு வடகடல் கொந்தளித்தால் படகுகளைப் பாலத்தின் அடியில் தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். தெற்கிலிருந்து அடித்தால் வடக்கே. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இரண்டு கையாகத் தூக்கி வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழுகிறது. தீவின் மறைவில் காற்று குறைகிறது. குறைந்த காற்றுக்குப் பழைய நங்கூரமே போதுமானதாகிவிடுகிறது.

இது புது ஞானமும் இல்லை. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த கையோடு அதன் எதிரே நங்கூரமிட்டு நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. 1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களில் சில மூழ்கின, சில கரையில் மோதின. போர்க்கப்பல்களுக்குரிய கனமான நங்கூரங்கள்தான் அவற்றில் இருந்தன. மறைவில்லாத திறந்த கரையில் எந்த இரும்பும் போதாது என்பதைச் சோழமண்டலக் கரை இரண்டு வல்லரசுகளுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தது.

ஆகவே சேற்றுத் தரையில் படகு நிறுத்துகிற ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், நங்கூரத்தைக் கடைசியாகத்தான் சொல்வேன். முதலில் இடம். அடுத்து கயிற்றின் நீளம். பெருங்காற்று வரும் என்றால் பக்கத்துப் படகுக்காரர்களோடு பேசி எல்லோருமே நீளமாக விட வேண்டும், ஒருவர் மட்டும் விட்டால் அவர் படகு மட்டும் அகலமாகச் சுற்றி மற்றவர்மேல் மோதும். மூன்றாவது சில மீட்டர் சங்கிலி. இவ்வளவுக்கும் ஆகும் செலவு புது நங்கூரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உள்ள நங்கூரமே இதற்கப்புறம் கூடுதலாகத் தாங்கும்.

மன்னார் வளைகுடாப் பக்கம் யோசனை வேறு. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த அந்தத் தீவுகளைச் சுற்றி, மான்கொம்பு போல் கிளைத்த பவளத்தின் மேல் நாலு கை இரும்பை இழுத்தால் ஒரு நிமிஷத்தில் உடைவது வளர்ந்துவர வருஷங்கள் ஆகும். எந்த நங்கூரம் நல்லது என்ற கேள்வியே அங்கே தப்பு. நிலையாக ஒரு மிதவையைக் கட்டிவைத்து அதில் படகைப் பிணைப்பதுதான் வழி.

"அப்ப புது நங்கூரம் நம்ம கடலுக்கு வரவே வராதா சார்?" என்றான் பையன்.

வரும். கேட்லாக்கைப் பார்த்து யாரும் வாங்கி அது வரப்போவதில்லை. என்றைக்காவது பலத்த காற்றடித்து நாலு படகு நகர்ந்து, ஒன்று மட்டும் நகராமல் நிற்கும். அதில் கிடந்த நங்கூரத்தைப் பார்க்கப் பத்துப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் அதன் அளவைக் குச்சியால் எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போவார். குழிந்த அலகுக்குப் பழைய கேஸ் சிலிண்டரையோ குழாயையோ பிளந்து பார்ப்பார்கள். முதலில் செய்தது சரியாகப் புதையாது, கோணத்தை மாற்றுவார்கள். பட்டறைக்காரருக்கு அந்தக் கோணம் கைவந்துவிட்டால் அடுத்த வருஷம் அந்தத் துறை முழுக்க அதுதான். ஆக, மீன்வளத் துறையோ கல்லூரியோ உதவ நினைத்தால் மானிய விலையில் நங்கூரம் கொடுக்க வேண்டாம். தடைக்காலத்தில் ஒரு நாள், பத்துப் பேர் பார்க்க, பழைய கம்பியையும் புது அலகையும் அதே சேற்றில் ஒரே விசைப்படகால் இழுத்து, நடுவில் ஒரு சுமைமானியை மாட்டிக் காட்டினால் போதும். நங்கூரத்துக்கு இல்லாத தராசு அன்றைக்கு வந்துவிடும்.